நிலநடுக்கோட்டருகே புயலைக் கடையும் மத்து

நம் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நம் பக்கம் புயல் வராது என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியென்றால் 2025 நவம்பரில் வந்த சென்யார் என்ன?"

நியாயமான கேள்வி. சென்யார் நம் வாசலில், மலாக்கா நீரிணையிலேயே பிறந்தது. சுமத்ராவில் கரையேறிப் பெரும் உயிர்ச்சேதம் செய்துவிட்டு, திரும்பி நம் தீபகற்பத்தையும் கடந்தது.

வெதுவெதுப்பான கடல், மேலெழும் ஈரக்காற்று, நடுவில் குறையும் அழுத்தம். இவை எல்லோரும் படித்ததுதான், நம் கடலில் இவற்றுக்குப் பஞ்சமும் இல்லை. பஞ்சம் சுழற்சிக்குத்தான். தாழ்வழுத்தத்தை நோக்கிக் காற்று நேராக ஓடிவந்தால் பள்ளம் நிரம்பிவிடும், அத்தோடு சரி. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் ஒதுக்கினால்தான் உள்ளே விழாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த ஒதுக்கல் இங்கே எவ்வளவு? உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பியில் கனமான குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு ஆட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்புவதுபோல் தெரியும். திரும்புவது அடியில் இருக்கும் தரை! வட துருவத்தில் ஒரு நாளில் முழுச் சுற்று முடியும். சென்னையில் நாலரை நாள் ஆகும். பினாங்கில் பத்தரை நாள், கோலாலம்பூரில் 18 நாள். நிலநடுக்கோட்டில் எத்தனை காலம் காத்திருந்தாலும் திரும்பாது. தரை மெதுவாகத் திரும்பும் இடத்தில் காற்றுக்குக் கிடைக்கும் ஒதுக்கலும் குறைவு.

அட்சரேகை 5 பாகைக்குக் கீழே புயல் பிறப்பது அரிது என்பது இதனால்தான். பினாங்கு இருப்பது 5.4 பாகையில், ஏறக்குறைய எல்லைக்கோட்டின் மேல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, ரயிலையே கடலுக்குள் இழுத்துப்போன புயல், அந்தமான் கடலின் தெற்கே சுமார் 5 பாகையில்தான் தாழ்வு மண்டலமாகத் தொடங்கியது. இராமநாதபுரத்துக் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பினாங்குத் தீவில் அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் மாறும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம், என்னை விடாமல் பிடித்துக்கொண்ட புயல் வாமெய். 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரின் தென்கிழக்கே கரையேறியது. மலேசியாவில் 5 பேர் இறந்தார்கள். அது உருவான இடம் வெறும் 1.4 பாகை. நம் குண்டு அங்கே ஒரு சுற்றுச் சுற்ற 41 நாள் ஆகும், ஐயப்பனுக்கு மாலை போட்டவர் விரதமே முடித்துவிடுவார். அவ்வளவு மந்தமான இடத்தில் புயலுக்குச் சுழற்சி எங்கிருந்து வந்தது?

பருப்பு கடையும் சின்ன மத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே நிறுத்துங்கள். ஒரு கையை அசைக்காமல் மற்றதை மட்டும் முன்னே தள்ளினாலும் மத்து சுழலும். அந்த வாரம் தென்சீனக் கடலில் நடந்தது இதுதான். வடகிழக்குப் பருவக்காற்று நாள் கணக்கில் பலமாக வீசியது. நடுக்கடலில் விரைந்த காற்று தள்ளும் கை, போர்னியோ ஓரத்தில் தயங்கிய காற்று நிற்கும் கை. நடுவில் ஒரு சுழி விழுந்தது, அதுவும் வடகோளப் புயலுக்கு வேண்டிய இடஞ்சுழியாகவே! இந்தப் பருவத்தில் போர்னியோவை ஒட்டி இப்படிச் சுழி விழுவது வழக்கம்தான். பெரும்பாலும் அது நிலத்தின் மேல் நின்று வலுவிழக்கும். அந்த முறை கடலின் மேலேயே பல நாள் தங்கிவிட்டது. பூமி கொடுக்காததைக் காற்றே கடைந்து எடுத்துக்கொண்டது.

தண்ணீர்மலையான், அதாவது இங்குள்ள தண்ணீர்மலைக் கோயில் முருகன், இருக்கும்வரை பினாங்கைப் புயல் அண்டாது என்பார் என் பெரியம்மா. நானும் தைப்பூசத்துக்குப் படியேறுகிறவன்தான், ஆனால் இதில் அவரோடு உடன்பட மாட்டேன். 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய மழையிலும் காற்றிலும் இங்கே 7 பேர் இறந்தார்கள். அதற்குப் புயல் என்று பெயர்கூட வைக்கப்படவில்லை. நீரிணையில் மிதவைக் கருவிகளும் கரையோர ரேடார்களும் இன்னும் வேண்டும். நிலநடுக்கோட்டுக் காற்றை ஆராய முன்வரும் நம் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். காற்று எந்த ஓரத்தில் தயங்குகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடியவர்கள் நாம்தான்.