பன்னிரண்டரை மணிக் காற்று

இராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில், நாங்கள் ஆயா என்று அழைக்கும் பாட்டியின் நூல் புடவை காய்ந்துகொண்டிருக்கும். கத்திரி வெயில் நாட்களில், காலை முதலே மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று அதன் முந்தானையைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நண்பகல் நெருங்கும்போது அந்த வேகம் தளர்ந்து, புடவை சில நிமிடங்கள் அசையாமல் தொங்கும். நாளிலேயே மிகக் கொடிய நிமிடங்கள் அவைதாம். பிறகு ஓரம் மட்டும் மெல்லத் துடிக்கும். அடுத்த கணமே முழுப் புடவையும் மேற்கு நோக்கிப் புரளும். கீழே வாசற்படியில் அமர்ந்திருக்கும் ஆயா, புடவையைப் பார்க்காமலேயே, "வந்துட்டா மகராசி" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார். பக்கத்து வீட்டு அக்கா "தோத்திரம் ஏசப்பா" என்பார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஒலிப்பதும் ஏறத்தாழ அந்நேரமே என்பதால், பாங்கு சொல்லி அழைத்தால்தான் காற்று வரும் என்று சிறுவயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

அந்தக் காற்றுக்குக் கடற்காற்று என்று பெயர். பள்ளிப் பாடத்தில் அது இரண்டு வரிகளில் முடிந்துவிடும்: நிலம் விரைவாகச் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது, ஆகவே பகலில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசுகிறது. இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த "ஆகவே" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலைகள் அடங்கியிருக்கின்றன என்று பின்னாளில் படித்தறிந்தபோது, ஆயாவின் கும்பிடு எனக்கு முன்னைவிடப் பொருத்தமாகத் தோன்றியது. காரணம் தெரிந்துவிட்டால் வியப்பும் நன்றியும் வற்றிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. என் அனுபவம் அதற்கு நேர்மாறானது.

முதலில் நீரைப் பார்ப்போம். அடுப்பில் வைத்த வெறும் தோசைக்கல் இரண்டு நிமிடத்தில் கையைச் சுட்டுவிடும். அதே தீயில் ஓர் அண்டாத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே நெடுநேரம் பிடிக்கும். 1 கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் ஆற்றல் தேவை. உலர்ந்த மணலுக்கு 0.8 ஜூல் போதும். நீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால், உள்ளே வரும் வெப்பத்தில் கணிசமான பங்கு அந்தப் பிடிகளைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. இதோடு முடியவில்லை. மணலில் விழும் வெயில் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. ஒரு பகல் முழுதும் காய்ந்தாலும் வெப்பம் சில பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே இறங்குவதில்லை. கடலிலோ ஒளி பல மீட்டர் ஆழம் வரை ஊடுருவுகிறது, அலை அந்த வெப்பத்தைக் கலக்கிப் பரப்புகிறது, ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. ஆகவேதான் மே மாதப் பகலில் கடற்கரை மணலில் வெறுங்காலை வைக்க முடியாதபோதும், பக்கத்திலேயே இருக்கும் வங்கக் கடலின் மேற்பரப்பு 30 டிகிரியை ஒட்டி, காலைக்கும் மாலைக்கும் பெரிய மாற்றமின்றி இருக்கிறது.

அடுத்து நடப்பதைப் பெரும்பாலானோர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறோம். சூடான தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அந்தக் காற்று விரிந்து மேல்நோக்கி உயர்கிறது. இதனால் சில நூறு மீட்டர் உயரத்தில், நிலத்துக்கு மேலே உள்ள அழுத்தம் அதே உயரத்தில் கடலுக்கு மேலே உள்ள அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடிவிடுகிறது. அந்த உயரத்துக் காற்று கடலை நோக்கி வழிகிறது. நிலத்தின் தலைக்கு மேலிருந்து கொஞ்சம் காற்று வெளியேறிவிட்டதால் தரையில் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறையை நிரப்பவே கீழே கடற்காற்று புறப்படுகிறது. நாம் வரவேற்கும் குளிர்ச்சிக்கு முன்னோடியாக, நம் தலைக்கு மேலே, நாம் உணராத உயரத்தில், எதிர்த்திசையில் ஒரு காற்று போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் சுழற்சி முழுவதையும் நடத்தும் அழுத்த வேறுபாடு எவ்வளவு என்றால், ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறினால் நாம் கடந்துவரும் அழுத்த வேறுபாடும் அவ்வளவுதான். அத்தனை சிறிய சரிவில் உருண்டு வரும் காற்றுதான் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மாநகரத்தையே ஆற்றுகிறது. இந்த எண்ணை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது; எவ்வளவு மெல்லிய நூலில் எங்கள் பிற்பகல்கள் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன என்று அன்றுதான் விளங்கியது.

காற்று வந்துசேரும் விதத்தைக் கண்ணால் காண வேண்டுமானால், காசிமேட்டு ஏலக் கூடத்தில் மீன் ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது அருகே நிற்க வேண்டும். மூடியைத் தூக்கியதும் வெண்மையான குளிர்ப்புகை விளிம்பைத் தாண்டி வழிந்து, மேலே எழாமல், ஆட்களின் கால்களைச் சுற்றித் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. வெப்பக் காற்றின் அடியில் ஆப்பு போலச் செருகிக்கொண்டு நகர்வது அதன் இயல்பு. கடற்காற்றும் அப்படியே வருகிறது. சில நூறு மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரை தடிமன் கொண்ட குளிர்ந்த, ஈரமான காற்றுப் படலம், எதிரே நிற்கும் வறண்ட வெப்பக் காற்றை மேலே தூக்கியெறிந்தபடி நிலத்துக்குள் நுழைகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையை வானிலையாளர்கள் கடற்காற்று முகப்பு என்கிறார்கள். புடவை தொங்கி நின்ற அந்தச் சில நிமிடங்கள், முகப்பு எங்கள் மாடியைக் கடந்த நிமிடங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், இந்த முகப்பால் தூக்கப்படும் ஈரக்காற்று உள்நிலத்தில் இடிமேகமாகத் திரண்டு, இரவில் சென்னைக்கே திரும்பி வந்து பெய்வதும் உண்டு.

பையன்கள் காத்தாடி விடும் மாடிகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். பிற்பகலில் ஏறக்குறைய மேற்கே பறக்கும் காத்தாடி, பொழுது சாயச் சாய வடமேற்காகவும் வடக்காகவும் நகர்ந்துவிடும். நூலைப் பிடித்திருக்கும் பையன் நகர்ந்திருக்க மாட்டான். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வட அரைக்கோளத்தில் நகரும் காற்று வலப்புறமாக விலகுகிறது. கிழக்கிலிருந்து புறப்பட்ட காற்று சில மணி நேரத்தில் தெற்கிலிருந்து வருவதாக மாறுகிறது. கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்றும் தெற்குக் காற்றுக்குத் தென்றல் என்றும் பெயர் வைத்த மொழி நம்முடையது. கொண்டலாகத் தொடங்கித் தென்றலாக முடியும் ஒரே காற்று, சென்னையின் கடற்காற்று.

இரவில் கதை திரும்புகிறது. நிலம் கடலைவிடக் குளிர்ந்துவிட, காற்று கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். இயந்திரப் படகுகள் வருவதற்கு முன், விடியலுக்கு முந்தைய இருட்டில் கரைக்காற்றில் கட்டுமரம் தள்ளி, கடற்காற்று எழுந்த பிறகு பாய் விரித்துக் கரை திரும்புவதே இந்தக் கரையின் வழக்கம். போகும்போது, திரும்பிக் கொண்டுவரும் காற்று இன்னும் பிறந்திருக்காது. எந்தத் துடுப்பையும்விடப் பெரிய துணையாக அந்தப் பிறக்காத காற்றை எண்ணிப் புறப்பட்டார்களே, நம்பிக்கை என்ற சொல்லுக்கு அதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை.

ஆயாவின் நம்பிக்கையும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். காலையில் வெப்பக் காற்றுக்கு அஞ்சி எல்லா ஜன்னல்களையும் சாத்திவைப்பவர், பன்னிரண்டு மணி ஆனதும், இலைகூட அசையாத அந்தப் புழுக்கத்தில், கிழக்கு ஜன்னலை மட்டும் திறந்து, அதற்கு நேரே குழந்தையின் தூளியைக் கட்டிவிடுவார். காற்று வராத நாட்கள் அவருக்குத் தெரியாதவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைகளைக் கடந்து இறங்கி, தமிழகத்தின் சூடான தரைமேல் நெடுந்தூரம் வரும் மேற்குக் காற்று ஓங்கினால், கடற்காற்று கரையைத் தாண்ட முடியாமல் கடல்மேலேயே தடுக்கப்பட்டு நிற்கும். இரண்டு மணி, மூன்று மணி என்று தாமதமாகும். சில நாள் வராமலேயே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட கோடைகளிலும் ஆயா தூளியை இடம் மாற்றிக் கட்டியதில்லை. காற்று வந்தே தீரும் என்று அவர் யாரிடமும் வாதிட்டதும் இல்லை. வந்தால் குழந்தை மேல் படும்படி ஆயத்தம் செய்துவைத்தார், அவ்வளவே.

இந்தக் காற்று எங்கள் பகுதிக்கு நன்மையை மட்டும் சுமந்து வருவதில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கடல்மேல் உள்ள காற்று அடுக்கு கலையாமல் அமைதியாக இருக்கும். அதற்குள் விடப்படும் புகைபோக்கிப் புகை கலையாத கற்றையாக மிதந்து வரும். அது சூடான நிலத்துக்கு மேலே வந்ததும், தரையிலிருந்து கொதித்தெழும் கலங்கலான காற்று அடுக்கு உள்நிலம் போகப் போக உயரம் கூடி, ஓரிடத்தில் அந்தக் கற்றையைத் தொட்டுவிடுகிறது. தொட்ட இடத்தில் புகை முழுவதும் தரைக்கு இழுத்து வரப்படுகிறது. கரையோரத்திலேயே புகைபோக்கிகள் உயர்ந்து நிற்கும் எண்ணூரிலும் மணலியிலும் வாழ்கிறவர்களுக்கு இது பாடநூல் செய்தியாக இருக்க முடியாது. காற்றுக்கு நன்றி சொல்கிறவர்கள், அதில் என்ன கலக்கப்படுகிறது என்று கேட்கவும் உரிமை உடையவர்கள். சொல்லப்போனால், அந்தக் கேள்வியே நன்றியின் ஒரு பகுதி என்றுதான் நான் கருதுகிறேன்.

இனி, இந்தக் காற்று நம் உடலைத் தொடும் இடத்துக்கு வருவோம். வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தோலை ஒட்டியிருக்கும் ஈரக் காற்றை அகற்றி, அந்த ஆவியாதலுக்கு வழிவிடுவது வீசும் காற்று. இதற்கிடையில், தோலில் உள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் குளிர்ச்சியை உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. 2002இல் இதைத் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வழிகளைக் கண்டதற்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. குளிர்ச்சியை உணரும் இந்த நரம்புகள், வெப்பநிலை இறங்கும் கணத்தில் மிக வேகமாகத் துடித்து, இறங்கியது அப்படியே நிலைத்துவிட்டால் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். நிலையை விட மாற்றத்தைச் சொல்வதே அவற்றின் முதன்மை வேலை. எனவேதான் பன்னிரண்டரை மணிக்கு அமுதமாக இருந்த அதே காற்று, ஒரு மணிக்கெல்லாம் இருப்பதே தெரியாமல் போகிறது. காற்று நிற்கவில்லை, நம் தோல் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டது.

தோலுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் இதே பழக்கம் உண்டு. நாள்தோறும் தவறாமல் கிடைப்பதை மனம் கணக்கில் கொள்வதை விட்டுவிடும். எது மிக உறுதியாகக் கிடைக்கிறதோ அதுவே முதலில் மறையும். உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு குழுவினர் வாரம் ஒருமுறை, 10 வாரங்களுக்கு, தாம் நன்றி பாராட்டும் 5 விஷயங்கள் வரை எழுதிவந்தார்கள். இன்னொரு குழுவினர் தமக்கு எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடும் வரும் நாட்களைப் பற்றிக் கூடுதல் நம்பிக்கையோடும் இருந்தார்கள். இரு குழுவினருக்கும் கிடைத்த உலகம் ஏறக்குறைய ஒன்றுதான். கவனம் விழுந்த இடம்தான் வேறு. ஆயா எதையும் எழுதிவைத்தவர் அல்லர். நாள் தவறாமல், காற்று தோலில் படும் அந்த முதல் கணத்திலேயே, அது மறையத் தொடங்குவதற்கு முன்பே, அதற்கு ஒரு பெயர் சொல்லி அழைத்தார்.

கும்பிட்டு முடித்ததும் ஆயா செய்யும் இன்னொரு காரியமும் உண்டு. என் அத்தையை அம்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கடற்காற்று முகப்பு உள்நிலத்தில் மணிக்கு 10 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் நகரும் என்றோ, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அம்பத்தூரை அது எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றோ ஆயா எங்கும் படித்ததில்லை. ஆனாலும் புடவை மேற்கே புரண்ட சிறிது நேரத்துக்கெல்லாம் போனை எடுத்து, அத்தையிடம் சொல்வார்: "ஏம்மா, இங்க வந்துடுச்சு. இப்பதான் பெரம்பூர் பக்கம் போயினுருக்கும். நீ ஜன்னலத் தொறந்து வை."