புரோக்ளமேஷன்: பிரகடனமா, பேரறிக்கையா, சாற்றுரையா?

அமெரிக்காவில் செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் வாரம் தேசியப் பண்ணைப் பாதுகாப்பு, உடல்நல வாரம். 1944-இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இதை முதன்முதலாக அறிவித்தார். போர்க்காலம் அது. உடல் வலுவுள்ள ஆண்கள் படைக்குப் போய்விட, இயந்திரங்களில் முதியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். அவருக்குப் பின் வந்த அதிபர்களும் ஆண்டுதோறும் ஒரு தாளில் கையெழுத்திட்டு இந்த வாரத்தை அறிவித்து வருகிறார்கள். அந்தத் தாளின் பெயர்தான் புரோக்ளமேஷன்.

இதைத் தமிழில் எழுதும்போது ஒருவர் பிரகடனம் என்கிறார், இன்னொருவர் அறிவிப்பு என்கிறார், மூன்றாமவர் ஆணை என்றே எழுதிவிடுகிறார். ஆணை என்பது முழுத் தவறு. இந்தத் தாளை மீறினால் தண்டம் இல்லை. இதன் பெயரால் எந்த அலுவலகத்துக்கும் விடுமுறை இல்லை. ‘அறிவிப்பு’ தவறில்லை, ஆனால் மிகப் பொதுவானது. மின்தடைக்கும் அறிவிப்பு, மழைக்கும் அறிவிப்பு. பிரகடனம் என்ற சொல்லைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

புரோக்ளமேஷன் இலத்தீன் வழி வந்தது. ‘புரோ’ என்றால் முன்னால், வெளியே. ‘கிளாமாரே’ என்றால் கத்துதல், கூவுதல். மக்கள் முன் நின்று உரக்கக் கூவுவதே இதன் வேர்ப்பொருள். காதுக்கான சொல். பிரகடனம் வடமொழியிலிருந்து வந்தது. ‘பிரகட’ என்றால் வெளிப்படையான, கண்ணுக்குத் தெரிகிற என்று பொருள். மறைந்திருப்பதை வெளியே காட்டுவது பிரகடனம். கண்ணுக்கான சொல். ஆங்கிலத்தில் இதற்கு நேரான வேர் புரோக்ளமேஷனில் இல்லை, டிக்ளரேஷனில் இருக்கிறது. அதன் இலத்தீன் வேர் ‘கிளாருஸ்’. தெளிவு, வெளிச்சம் என்று பொருள். ஆகவே அமெரிக்கா 1776-இல் விடுதலையை அறிவித்த ஆவணத்தைச் சுதந்திரப் பிரகடனம் என்பது வேரோடு பொருந்துகிறது. அதே சொல்லைப் பண்ணைப் பாதுகாப்பு வாரத்துக்கும் போட்டால் இரண்டு வேறு ஆவணங்கள் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. முன்னது ‘இதுவே எங்கள் நிலை’ என்று உலகத்துக்குத் தெரிவிப்பது. பின்னது ‘இந்த வாரம் வருகிறது, எல்லோரும் இதைச் செய்யுங்கள்’ என்று ஊரைக் கூப்பிடுவது.

ஊரைக் கூப்பிடத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? அறைதல், சாற்றுதல் இரண்டும் பழையவை. அறைதல் என்றால் அடித்தல். முரசை அடித்துச் சொல்வதால் சொல்லுதலுக்கும் அதுவே பெயராயிற்று. கேட்ட மறையை ஊரெல்லாம் பரப்பும் கயவரை ‘அறைபறை அன்னர்’ என்கிறது குறள் (1076). மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை. புகாரில் இந்திர விழா வருகிறது. முரசை யானையின் பிடரியில் ஏற்றி, நகரெங்கும் விழாவை அறைகிறார்கள். அந்த அறிவிப்பின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் வாழ்த்து. அடுத்து மக்கள் செய்ய வேண்டியவை: பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள், கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள். செய்யக் கூடாததும் உண்டு: பகைவரோடேயானாலும் சண்டை சச்சரவு செய்யாமல் விலகிப் போங்கள். முடிவில் பசியும் பிணியும் பகையும் நீங்கி வளம் சுரக்கட்டும் என்று மீண்டும் வாழ்த்து. நாள் குறித்து, காரணம் சொல்லி, செயலுக்கு அழைக்கும் அமெரிக்கத் தாளின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான்.

சாற்றுதல் என்றால் பலரறியச் சொல்லுதல். அது இன்றும் உயிரோடு இருக்கிறது. கொங்குப் பகுதி மாரியம்மன் கோயில்களில் விழா, அதை ஊருக்கு அறிவிக்கும் பூச்சாட்டுடன் தொடங்கும், பண்ணாரியிலும் அப்படியே. செய்தித்தாள்கள் பூச்சாட்டு என்றும் பூச்சாற்று என்றும் இரு வகையாக எழுதுகின்றன. சாட்டியபின் ஊருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. காப்புக் கட்டியவர் வெளியூரில் இரவு தங்க மாட்டார். சொல்வதும் அதன்படி நடப்பதும் இங்கே பிரியாமல் இருக்கின்றன.

தண்டோரா என்பது வடக்கிலிருந்து வந்த சொல். அந்தப் பறையை அடிக்கும் வேலை ஒரு சாரார் தலையில் மட்டும் சுமத்தப்பட்டிருந்ததால் 2022-இல் தமிழக அரசு அந்த முறையை நிறுத்தச் சொன்னது, சரியான முடிவு. சொல்லை எடுத்துக்கொள்ளும்போது அந்த இழிவையும் கூடவே எடுத்துவர வேண்டியதில்லை. சாற்று என்ற வினையில் அந்தக் கறை இல்லை.

பேரறிக்கை என்ற சொல்லும் களத்தில் நிற்கிறது. மருது சகோதரர்கள் 1801 ஜூனில் திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்தது திருச்சிராப்பள்ளிப் பேரறிக்கை. 1858 நவம்பர் 1-இல் வெளியானது விக்டோரியா அரசியின் பேரறிக்கை. பள்ளிப் பாடநூல்கள் இப்படியே எழுதுகின்றன. நிலைத்துவிட்ட பெயர்களைக் கலைக்க வேண்டாம். அடிமை விடுதலை குறித்து லிங்கன் 1863 ஜனவரி 1-இல் வெளியிட்டதும் பேரறிக்கையே. அதற்குச் சட்ட வலு இருந்தது, வரலாற்றை மாற்றியது. ஒரு வாரத்தையோ மாதத்தையோ சிறப்பித்து ஊரை அழைக்கும் தாளுக்குச் சாற்றுரை என்பதே பொருத்தம். ஐ.நா.வின் மனித உரிமை ஆவணத்தைச் சிலர் சாற்றுரை என எழுதுவதுண்டு; வேர்ப்படி அதற்குப் பிரகடனம்தான் சரி.

இந்தச் சாற்றுரைகள் அதிபர் நினைத்தபோது மட்டும் வருபவை அல்ல. நாடாளுமன்றம் கூட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, ஆண்டுதோறும் சாற்றுரை வெளியிடும்படி அதிபரைக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படி நிலைபெற்ற நாட்களும் வாரங்களும் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 36-ஆம் தலைப்பில் இருக்கின்றன. நினைவு நாள் தீர்மானங்கள் மலைபோல் குவிந்ததால், 1995-இல் கீழவை தன் விதிகளிலேயே அத்தகைய மசோதாக்களுக்குத் தடை போட்டது. கையெழுத்தான சாற்றுரைக்கு எண் கொடுத்து, நம் அரசிதழுக்கு இணையான ஃபெடரல் ரெஜிஸ்டரில் அச்சிடுகிறார்கள். நிர்வாக ஆணை அரசு அலுவலர்களைப் பார்த்துப் பேசுவது. சாற்றுரை பொதுமக்களைப் பார்த்துப் பேசுவது. மொழிபெயர்ப்பவர் மனத்தில் இந்த வேறுபாடு இருந்தால் பாதிப் பிழை குறையும்.

குடிமக்களில் ஒரு பிரிவினரைப் போற்றும் சாற்றுரைகள் தனி வகை. ஸ்பானிய மொழி வழிவந்த அமெரிக்கர்களைப் போற்றும் ஹிஸ்பானிய மரபு வாரம் 1968-இல் தொடங்கி 1988-இல் மாதமானது. அது செப்டம்பர் 15-இல் ஏன் தொடங்குகிறது என்று கேட்பார்கள்: மத்திய அமெரிக்க நாடுகள் ஐந்தின் விடுதலை நாள் அது, மறுநாள் மெக்சிகோவுக்கு. செப்டம்பர் 17 குடியுரிமை நாள். 1787-இல் அரசியலமைப்பில் கையெழுத்திட்ட தேதி. இப்படி உழவரும் ஹிஸ்பானியரும் புதிய குடிமக்களும் ஒரே பத்து நாளுக்குள் போற்றப்படுகிறார்கள். 2024-இல் பண்ணை வாரமும் ஹிஸ்பானிய மாதமும் ஒரே நாளில், செப்டம்பர் 15 ஞாயிறன்று தொடங்கின.

பெயர்கள் மாறியதும் கவனிக்கத் தக்கது. 1945-இல் ‘உடல் ஊனமுற்றோருக்கு வேலை கொடுக்கும் வாரம்’ என்று தொடங்கியதில் 1962-இல் ‘உடல்’ என்ற அடைமொழி நீங்கியது, எல்லா வகை இயலாமையும் அடங்க வேண்டும் என்பதற்காக. 1988-இல் அது மாற்றுத்திறனாளி வேலைவாய்ப்பு விழிப்புணர்வு மாதம் ஆயிற்று. ஊனமுற்றோர் என்பதை விட்டு மாற்றுத்திறனாளி என்பதற்குத் தமிழும் வந்து சேர்ந்தது. எந்தப் பெயரால் ஒருவரை அழைத்துப் போற்றுகிறோம் என்பது போற்றுதலில் பாதி. பழைய சாற்றுரையை மொழிபெயர்க்கும்போது மட்டும் அந்தக் காலத்துச் சொல்லை அப்படியே வைக்க வேண்டும்.

இனி வினைச்சொல். இந்த வாரத்தைக் கொண்டாடுவதா, அனுசரிப்பதா, கடைப்பிடிப்பதா? ஆங்கிலச் சொல் அப்சர்வன்ஸ். அதன் இலத்தீன் வேரான ‘செர்வாரே’ காத்தல் என்று பொருள்படும். கொண்டாட்டத்தில் மகிழ்ச்சி உண்டு, காவல் இல்லை. ஹிஸ்பானிய மரபு மாதத்தைத் தாராளமாகக் கொண்டாடலாம். விபத்தைத் தடுக்கும் வாரத்துக்கு அந்த வினை ஒட்டாது. அனுசரித்தல் என்றால் பின்பற்றிச் செல்லுதல். பேச்சுத் தமிழில் அது ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க’ என்று விட்டுக்கொடுப்பதாகிவிட்டது. செய்தித் தமிழிலோ நினைவு நாளுக்குரிய துக்கச் சாயல் ஏறிவிட்டது. கடைப்பிடித்தல் என்பதே சரி. கடை வரை விடாமல் பிடித்திருத்தல். முன் உண்டது செரித்ததை அறிந்து, உடலுக்கு மாறுபடாத உணவைக் கடைப்பிடித்து, நன்கு பசித்தபின் உண் என்று குறளின் மருந்து அதிகாரத்தில் வருகிறது (944). அங்கேயும் உடலைக் காக்கும் ஒழுங்குதான். ‘கடைபிடி’ என்று ப் விட்டு எழுதுவது பிழை.

அந்த வாரத்தில் எதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் சொல்லின் எடை தெரியும். டிராக்டரின் பின்புறம் சுழன்று, எஞ்சின் விசையை இணைப்புக் கருவிகளுக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. தண்டு 7.5 செ.மீ. விட்டம் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 24 செ.மீ. துணியை இழுக்கும், ஒரு நொடியில் 2 மீட்டருக்கு மேல். சட்டை நுனி மாட்டியதை மூளை உணர்வதற்குள் கை உள்ளே போய்விடும். நம் ஊர் ரோட்டவேட்டரும் அதே தண்டில்தான் ஓடுகிறது. இதற்கு மேலுறையாகப் பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அது தண்டோடு சேர்ந்து சுற்றக் கூடாது, தண்டு உள்ளே தனியாகச் சுற்ற வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, மேலுறையைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் நல்லது. இறுகி நின்றால் உள்ளே பேரிங்கில் மண் ஏறியிருக்கிறது, அல்லது கிரீஸ் வற்றியிருக்கிறது. அந்த உறை இருந்தும் இல்லாததற்குச் சமம். உறையின் முனையிலுள்ள சிறு சங்கிலி அது சுற்றாமல் பிடித்து வைப்பதற்கு. முதலில் அறுவது அதுதான், மாட்டாமல் விடுவதும் அதைத்தான்.

டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் எழும் இரும்பு வளைவு, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைச் சுற்றி நசுங்காத இடம் ஒன்றை விட்டுவைக்கிறது. இருக்கை பெல்ட் போடாவிட்டால் அவர் அந்த இடத்தைவிட்டு வெளியே எறியப்பட்டு, அதே வளைவின் அடியில் சிக்கலாம். ஆகையால் இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு. மடக்கும் வளைவை மடக்கி வைத்திருக்கும்போது மட்டும் பெல்ட் போடக் கூடாது. காப்பிடம் இல்லாத வண்டியில் ஆளைக் கட்டிப்போட்டதாகிவிடும்.

தானியக் குதிர் இன்னொன்று. குதிர் என்றால் நம் நினைவுக்கு வருவது வீட்டு மூலையில் நிற்கும் மண் குதிர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அது பல மாடி உயர எஃகு உருளை. அடியில் மக்காச்சோளம் வெளியேறிக்கொண்டிருக்கையில் மேலே இறங்கியவர் நான்கைந்து நொடியில் தானாக வெளிவர முடியாத நிலைக்குப் போவார், இருபது நொடியளவில் தலை மூழ்கிவிடும். ஆகவே, இறங்கும்முன் தானியத்தை வெளியே தள்ளும் ஆகர் திருகை நிறுத்தி மின்சாரத்தைப் பூட்டிட்டு அடைக்க வேண்டும், காற்றைச் சோதிக்க வேண்டும், இடுப்புவார் கட்டிக் கயிறு பிணைக்க வேண்டும், வாயிலில் ஒருவர் நிற்க வேண்டும். மேலே படிந்து பாலமாக இறுகிய தானியத்தின்மீது நடப்பதுதான் பலரைக் கொண்டுபோகிறது. அடியில் வெற்றிடம் இருப்பது மேலிருந்து தெரியாது. இந்த வாரத்தைச் செப்டம்பரில் வைத்திருப்பதன் காரணமும் இதுவே: மக்காச்சோளமும் சோயாவும் அறுவடைக்கு வரும் காலம், நாள் முழுதும் இயந்திரம், இரவில் சாலையில் மெல்ல ஊரும் வண்டி.

சாற்றுரையின் கடைசி வரியில் மொழிபெயர்ப்பாளர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தாள்கள் கிறிஸ்து ஆண்டையும் நாட்டின் விடுதலை ஆண்டையும் சேர்த்தே எழுதும். முதலாவதை ‘நம் ஆண்டவரின் ஆண்டில்’ என்று நீட்ட வேண்டாம், கி.பி. போதும். இரண்டாவதைக் கழித்தல் கணக்கில் போட்டால் பிழை வரும். 1776 ஜூலை 4 முதல் 1777 ஜூலை 3 வரை முதலாம் ஆண்டு. ஆகவே 2024 செப்டம்பர் சாற்றுரையில் வருவது 248 இல்லை, 249-ஆம் ஆண்டு. 2024 ஜூன் சாற்றுரையானால் 248. ‘இராசராச தேவர்க்கு யாண்டு இருபத்தாறாவது’ என்று எண்ணும் சோழர் கல்வெட்டு முறையும் இதே வரிசைக் கணக்குதான். அதை ஒட்டி ‘அமெரிக்க விடுதலையின் யாண்டு 249-ஆவது’ என்று எழுதலாம்.