சொல் விளக்கம்: படுகை

'ஃப்ளட்பிளெயின்' என்ற சொல்லைப் பள்ளிப் புவியியல் நூல்கள் 'வெள்ளச் சமவெளி' என்று தமிழாக்குகின்றன. பிழையில்லை. ஆனால் சமவெளி என்றதும் கங்கைச் சமவெளிதான் நினைவுக்கு வருகிறது. வாய்க்கால் அளவே உள்ள ஓடையின் இருபுறமும் இருபதடி அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் நிலமும் ஃப்ளட்பிளெயின்தான். அதைப் போய்ச் சமவெளி என்பதா? நீர் பெருகும்போது ஆறு கரையேறிப் பரவும் ஓர நிலம் என்பதே அதன் பொருள்.

அந்த நிலத்துக்குக் கொள்ளிடக் கரையில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை என்றோர் ஊர். கொள்ளிடத்தில் பெருவெள்ளம் திறந்துவிடப்படும் ஆண்டுகளில் முதலைமேடு திட்டு, வெள்ளமணல், கோரைத்திட்டு ஆகிய ஊர்களோடு அதன் பெயரும் செய்தித்தாளில் வரும். ஆற்றுக்கும் வெள்ளக்கரைக்கும் இடையே கிடக்கும் நிலம் படுகை. நீருக்கு மேலே தலைகாட்டுவது திட்டு.

'படு' என்பதற்குத் தாழ்தல், விழுதல், கிடத்தல் என்று பல பொருள். மேற்கே இறங்கும் கதிரவன் படுஞாயிறு. செய்கை, வருகைபோலக் 'கை' விகுதி சேர்ந்து படுகை ஆயிற்று. படுக்கை இதற்கு உடன்பிறப்பு. ஆகவே, வந்த வெள்ளம் வேகம் தணிந்து கிடக்கும் இடம் என்று சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. வெள்ளச் சமவெளி நிலத்தின் வடிவத்தைச் சொல்கிறது. படுகையோ அங்கே நீர் செய்யும் வேலையைச் சொல்கிறது. என் வாக்கு இரண்டாவதற்கே.

ஒரு சிக்கல் உண்டு. காவிரிப் படுகை என்று நாளிதழ்கள் டெல்டா முழுவதையும் குறிக்கின்றன. எண்ணெய் தேடும் துறையினர் பூமிக்கடியில் உள்ள பாறைக் குழிவையே அப்படி அழைக்கிறார்கள். ஆற்றுக்கு நீர் வடிந்து வரும் பரப்பு முழுவதுக்கும் 'வடிநிலம்' என்ற நல்ல சொல் இருக்கும்போது, படுகையை அதற்கும் இழுப்பது வீண். குழப்பம் வரும் இடத்தில் 'வெள்ளப்படுகை' என்று எழுதினால் போதும்.

இந்தச் சொல்லாராய்ச்சி இப்போது எதற்கென்றால், படுகையை மீட்பதும் அதனால் தண்ணீர் எவ்வளவு தூய்மையானது என்று கணக்கெழுதுவதும் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. செசபீக் விரிகுடாவின் வடிநிலம் சுமார் 1,65,000 சதுர கிலோமீட்டர். ஆறு மாநிலங்களின் பகுதிகளும் வாஷிங்டன் நகரமும் அதில் அடக்கம். வயல் உரமும் கழிவும் சேறும் விரிகுடாவில் சேர்ந்து, பாசி பெருகி, நீரில் ஆக்சிஜன் குறைந்தது. 2010-இல் நடுவண் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உச்சவரம்பு விதித்தது: ஆண்டுக்கு நைட்ரஜன் சுமார் 8.4 கோடி கிலோ, பாஸ்பரஸ் சுமார் 57 லட்சம் கிலோ, வண்டல் ஏறக்குறைய 29 லட்சம் டன். அதற்கு மேல் போகக்கூடாது. ஓடையைச் சீர்செய்யும் உள்ளாட்சிக்கு அந்தக் கணக்கில் 'கிரெடிட்' கிடைக்கும்.

கிரெடிட்டுக்குத் தமிழில் தயங்கவே வேண்டாம்: வரவு. பேரேட்டில் வரவு வைப்பதுதான் இது. வேடிக்கை என்னவென்றால், இங்கே வரவு வைக்கப்படுவதில் ஒரு பகுதி வந்தது அல்ல, போகாமல் நின்றது.

கணக்கை அருகில் பார்க்கலாம். முதலாவது, கரை அரித்துப் போகாமல் நின்ற மண். ஓடைக்கரையில் இரும்புக் கம்பியைப் படுக்கைவாட்டில் அறைந்துவிட்டு, ஓராண்டு கழித்துச் சென்று எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று அளக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் தெரிந்தால் கரை அவ்வளவு அரித்துப் போயிருக்கிறது. கரை 100 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 15 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.3 டன் என்றால் 19.5 டன். சீர்செய்ததால் இதில் பாதிதான் நிற்கும் என்று தாழ்த்தியே மதிப்பிடுவது அங்கே வழக்கம். அந்த மண்ணோடு போகும் சத்துக்கு, டன்னுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ பாஸ்பரஸும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் நைட்ரஜனும் என்று முதலில் பொதுவிகிதம் ஒன்று வைத்தார்கள். அந்தந்தக் கரையின் மண்ணைச் சோதித்துப் போடும் கணக்கே மேல்.

அடுத்தது மண்ணுக்குள் நடக்கும் வேலை. காற்றுப் புகாத ஈரமண்ணில், மட்கிய தழையைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடுகின்றன. இதை 'நைட்ரஜன் நீக்கம்' என்கிறார்கள். நெல் வயலில் யூரியாச் சத்தின் ஒரு பகுதி காற்றோடு போவதும் இதே வழியில்தான். வயலில் நட்டம், படுகையில் லாபம்.

மூன்றாவது, வெள்ளம் படுகையில் ஏறுவதால் வரும் பயன். ஆண்டில் பெய்யும் மழைநீரில் எத்தனை பங்கு படுகையைத் தொடுகிறது என்று பார்க்கிறார்கள். முதலில் வகுத்த முறையில், படுகைமேல் ஓர் அடி உயரத்துக்குள் நிற்கும் நீருக்கு மட்டுமே வரவு. அதற்கு மேல் ஓடுவது புல்லையும் மண்ணையும் தீண்டாமலே போய்விடும் என்பது காரணம். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது மதிப்பீடுதான், அளவீடு அல்ல. இரண்டையும் தமிழில் மாற்றி மாற்றி எழுதுபவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

'ரெஸ்டரேஷன்' என்பதற்குச் 'சீரமைப்பு' என்று எழுதினால் நம் ஊரில் இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுந்துவிடும். மீட்டல் என்பதே சரி. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுன்டியில் பிக் ஸ்பிரிங் ரன் என்ற சிற்றோடையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் முற்காலத்தில் மாவு ஆலைகளுக்காக ஓடைதோறும் அணை கட்டினார்கள். அணைக்குப் பின்னால் சேறு நிரம்பிற்று. அணைகள் போனபின் ஓடைகள் அந்தச் சேற்றை அறுத்துக்கொண்டு ஆழமாயின. உயர்ந்து நின்ற கரையை எல்லாரும் இயற்கையான படுகை என்றே நம்பினார்கள். நிலவியலாளர்கள் ராபர்ட் வால்டரும் டோரதி மெரிட்ஸும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. 2011-இல் பிக் ஸ்பிரிங் ரன்னில் அந்த மண்ணைத் தோண்டி அகற்றினார்கள். அடியில் இருந்தது கரிய சதுப்பு மண். அதற்குள் பழங்காலக் கோரை விதைகள். அதுதான் உண்மையான படுகை. கொள்ளிடத்துக் கோரைத்திட்டில் இருப்பதும் இதே கோரைக் குடும்பம்தான்.

எல்லா ஓடையிலும் இப்படி மண்ணை அகற்றலாம் என்பதல்ல. மேரிலாந்தில் கரையோர மரங்களை வெட்டி ஓடையை மீட்பதா என்று எதிர்ப்பும் எழுந்திருக்கிறது. அது தனிக்கதை.

'ஃப்ளட்பிளெயின் ரீகனெக்‌ஷன்' என்பதை 'வெள்ளச் சமவெளி மறுஇணைப்பு' என்று எழுதினால் மின்வாரிய வேலைபோல ஒலிக்கிறது. 'ஆற்றைப் படுகையில் ஏறவிடுதல்' என்று எழுதுங்கள்.