ரெசல்யூஷன்: தெளிவா, பிரிவா?

தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டையில் 3840 × 2160 என்று, திரையின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள படப்புள்ளிகளின் (பிக்சல்) எண்ணிக்கையை அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் ரெசல்யூஷன் என்கிறார். கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பவருக்கு அதே செய்தி தெளிவுத்திறன் என்ற பெயரில் கிடைக்கிறது. இயற்பியலைத் தமிழில் படித்தவர்கள் பிரிதிறன் என்றோ பகுதிறன் என்றோ சொல்கிறார்கள். ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குவது தமிழுக்குப் புதிதன்று. ஆனால் இவற்றுள் எதை வாயில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கடையில் நாம் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது என்பதால், இந்தச் சொல்லின் முன் சற்று நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

சென்ற தீபாவளிக்கு முன்பு, சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் என் சித்தியுடன் பெட்டி பார்க்கப் போயிருந்தேன். “தம்பி, இதுல தெளிவு எவ்வளவு?” என்று அவர் விற்பனையாளரைக் கேட்டார். “இது 4கே, ஆன்டி. அந்தப் பக்கம் இருக்கிறது 8கே, இன்னும் தெளிவா இருக்கும்” என்று பதில் வந்தது. கேட்டதிலும் தவறில்லை, சொன்னவரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆயினும் சித்தி வீட்டு வரவேற்பறையில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதை இருவருமே பேசவில்லை. தெளிவு என்ற சொல் அந்தக் கேள்வியை எழுப்பவும் இல்லை.

ரெசல்யூஷன் என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘சொல்வெரே’ என்னும் வினை. கட்டவிழ்த்தல், தளர்த்தல், கரைத்தல் என்பன அதன் பொருள்கள். கணக்கின் முடிச்சை அவிழ்ப்பதைச் சொல்லும் ‘சால்வ்’, நீரில் கரைவதைச் சொல்லும் ‘டிசால்வ்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் அந்த வேரில் முளைத்தவையே. ‘ரெ’ என்ற முன்னொட்டுடன் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்தல் என்ற பொருளையே அச்சொல் சுமந்து வந்தது. சிக்கலைப் பிரித்து முடிவுக்கு வருதல் என்ற கிளைப்பொருள் பின்னர் வளர்ந்தது. மன்றத்தில் நிறைவேறும் தீர்மானமும், ஆண்டுப் பிறப்பன்று நாம் எடுத்துக்கொள்ளும் உறுதியும் அந்தக் கிளையில் காய்த்தவை. தீர்மானம் என்ற நம் சொல்லிலும் ‘தீர்’ இருக்கிறது. தீர்தல் என்பதற்கு விடுதல் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. லத்தீனும் தமிழும் ஒன்றுக்கொன்று தெரியாமலே, முடிவெடுப்பதை ஒரு பிடியை விடுவதாகக் கண்டிருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

திரைக்கு வந்த பொருள் ஒளியியல் வழியாக வந்தது. பின்னாளில் 1904ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு, அருகருகே இருக்கும் இரண்டு ஒளிப்புள்ளிகளை ஒரு கருவி எந்த அளவு நெருக்கம் வரையில் இரண்டாகக் காட்டும் என்பதற்கு 1879இல் ஓர் அளவுகோல் வகுத்தார். ஒரு புள்ளியின் நடு ஒளி மற்றொன்றின் முதல் இருள் வளையத்தின்மேல் விழும் நெருக்கம்வரை அவை இரண்டாகத் தெரியும், அதற்கும் கீழே போனால் ஒன்றாகிவிடும் என்பதே அதன் சாரம். ஆகவே இச்சொல்லின் உயிர், இரண்டு என்பதை இரண்டாகக் காண்பதில் இருக்கிறது.

இப்போது தெளிவுத்திறன் என்பதைப் பார்ப்போம். தெளிதல் என்பது கலங்கிய நீர் அடங்குவது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தவர்கள் நம் முன்னோர்; மண் அடியில் தங்கியதும் நீர் தெளிகிறது. திரையில் இதற்கு இணையானவை வேறு: கறுப்பு கறுப்பாகவே இருப்பது, நிறங்கள் மங்காதிருப்பது, ஓடும் பந்து வால் முளைத்து இழுபடாதிருப்பது, சுருக்கி அனுப்பிய படத்தில் கட்டம் கட்டமாகச் சிதைவு தோன்றாதிருப்பது. கடையில் ஒரு பெட்டி மற்றதைவிடப் பளிச்சென்று தெரிவதற்குப் பெரும்பாலும் இவையும், கூட்டி வைத்த ஒளியும், அதற்கென்றே எடுத்த மாதிரிக் காட்சியுமே காரணங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே உள்ள இரண்டு திரைகள் தெளிவில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடலாம். புள்ளியின் எண்ணிக்கைக்குத் தெளிவு என்று பெயர் வைத்துவிட்டால், எண் பெரிதாகப் பெரிதாகத் தெளிவும் பெருகும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. தெளிவுத்திறன் என்ற ஆக்கத்தின்மேல் எனக்குள்ள குறை இதுதான்.

பிரிதிறன் அந்தத் தவறைச் செய்யவில்லை. பிரிகின்ற திறன், பிரிந்த திறன், பிரியும் திறன் என மூன்று காலமும் உள்ளடங்கிய வினைத்தொகை அது. ஊறுகாய், சுடுசோறு போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘பிரித்திறன்’ என்று எழுதுவது பிழை. பகுதிறன் என்பதும் இலக்கணப்படி குறையற்றதே. ஆனால் படிக்கும் கண் முதலில் ‘பகுதி’ என்ற பழகிய சொல்லைப் பிடித்துக்கொண்டு, எஞ்சிய எழுத்துகளை என்ன செய்வதென்று தடுமாறுகிறது. பொதுமக்களுக்கு எழுதும்போது அந்தத் தடுக்கல் வேண்டாம் என்பது என் கருத்து.

பிரிதிறன் என்றதும், யாருடைய கண்ணுக்கு, எவ்வளவு தொலைவில் என்ற கேள்வி கூடவே வருகிறது. பலதுறை மருந்தகத்தின் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை, 1862இல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் முதன்முதலில் உருவாக்கினார். 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டிய வரியில் ஒவ்வோர் எழுத்தும் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமுடையது. அதன் கோட்டுத் தடிமன் அதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தடிமன் கண்ணில் ஏற்படுத்தும் கோணம், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்ததில் ஒரு பங்கு. இயல்பான பார்வையின் பிரிதிறன் இவ்வளவே என்று கொள்வது வழக்கம். சிலருக்கு இதனினும் கூர்மையான பார்வை உண்டு. தமிழ் படித்த நமக்கு இதைச் சோதிக்க அட்டைகூட வேண்டாம். ஒரு நாளிதழைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னோக்கி நடந்தால், மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் வேறுபாடு தெரியாமல் ஒன்றாகிவிடும் இடம் ஒன்று வரும். அந்த எழுத்தளவுக்கு நம் கண்ணின் எல்லை அங்கே இருக்கிறது.

இதைத் திரைக்குப் பொருத்துவது எளிது. 65 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 144 சென்டிமீட்டர். அதில் ஃபுல் எச்டி அளவான 1920 புள்ளிகளை வரிசையாக வைத்தால் ஒரு புள்ளி 0.75 மில்லிமீட்டர், 2.6 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியா. அதே அகலத்தில் 4கே அளவான 3840 புள்ளிகள் இருந்தால், அவை கலந்துவிடும் தொலைவு 1.3 மீட்டர். புள்ளிகள் அதனினும் இரு மடங்கான 8கே என்றால் 65 சென்டிமீட்டர், அதாவது மூக்கைத் திரைக்கு நேராகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். 55 அங்குலத்துக்கு இந்தத் தொலைவுகள் இன்னும் குறைந்து, ஃபுல் எச்டியே 2.2 மீட்டரில் கலந்துவிடுகிறது. நம் வரவேற்பறைகளில் பெரும்பாலோர் இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி உட்காருகிறோம். எனவே 55 அங்குலத்துக்கு மேல் போகும்போதுதான் 4கே தன் வேலையைக் காட்டத் தொடங்குகிறது. இந்த வீடுகளில் 8கேயின் பிரிதிறனை வாங்குபவர், கண் எட்டிப்பிடிக்க முடியாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார் என்றே சொல்வேன்.

4கே என்ற பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. 720, 1080 என்ற பெயர்கள் மேலிருந்து கீழாக உள்ள வரிசைகளின் எண்ணிக்கையைக் குறித்தன. 4கே மட்டும் திரும்பி, இடமிருந்து வலமாக எண்ணுகிறது. இந்தப் பெயர் திரையரங்கிலிருந்து வந்தது; அங்கே அகலம் 4096 புள்ளிகள். வீட்டுப் பெட்டியில் இருப்பது 3840. ஃபுல் எச்டியைப் போல அகலத்திலும் உயரத்திலும் இரு மடங்கு, எண்ணிக்கையில் நான்கு மடங்கு. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012இல் வகுத்த தரத்திலும் இந்த அளவே இடம்பெற்றது.

பெட்டி எத்தனை புள்ளிகளைக் கொண்டிருந்தாலும், வருகின்ற படத்தில் எத்தனை இருக்கின்றன என்பது தனிக் கேள்வி. 1963இல் சிங்கப்பூரில் ஒளிபரப்பு தொடங்கியபோது 625 கோடுகள் கொண்ட முறை இருந்தது. அவற்றுள் படத்துக்குப் பயன்பட்டவை ஏறத்தாழ 576. அந்த முறையின் வழிவந்த டிவிடி வட்டில் 720 × 576 புள்ளிகள். சித்தி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் பழைய படங்களை 4கே பெட்டியில் போட்டால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஈடாகப் பெட்டி இருபது புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். அவற்றுள் பத்தொன்பது, பெட்டி ஊகித்து வரைந்தவை. மின்னிலக்க ஒளிபரப்புக்கு நாடு முழுமையாக மாறிவிட்ட பிறகும் தமிழ் நிகழ்ச்சிகளைத் தரும் வசந்தம் ஒளிவழி நமக்கு வருவது 1080 வரிசையில்தான். 4கேயில் வரும் படங்கள் இணையம் வழியாக வருகின்றன. அதற்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிறது.

வழக்குக்கு வருவோம். அட்டையில் உள்ள எண்ணைப் படப்புள்ளி அளவு என்று சொல்லலாம். ‘இந்தத் திரையின் படப்புள்ளி அளவு 3840க்கு 2160’ என்பது குழப்பமற்ற தமிழ். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் நெருங்கியிருக்கின்றன என்பது புள்ளியடர்த்தி. அந்தப் புள்ளிகள் பார்ப்பவர் கண்ணில் தனித்து நிற்கும் திறமே பிரிதிறன். தெளிவு என்ற நல்ல சொல்லைக் கண் உணரும் முழுமைக்கு விட்டுவைக்கலாம். கடையில் பேசும்போது ரெசல்யூஷன் என்றே சொன்னாலும் குடி முழுகிப் போகாது. எழுதும்போதுதான் கவனம் வேண்டும்.

மறுநாள் நான் அளவு நாடாவுடன் சித்தி வீட்டுக்குப் போனேன். சோபாவிலிருந்து சுவருக்கு 2 மீட்டர் 60. பெட்டி மாட்டப்போகும் இடத்தில் அன்றைய தமிழ் முரசு நாளிதழின் ஒரு பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கும்படி சித்தியிடம் சொன்னேன். தலைப்பில் இருந்த ணகரத்தை உடனே “மூணு சுழி” என்றார். அதற்குக் கீழே இருந்த செய்தியைக் கேட்டபோது கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “வரி வரியாத் தெரியுதுப்பா, எழுத்துதான் தெரியல” என்றார். அன்று மாலை 65 அங்குலத்தில் 4கே பெட்டி ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தோம்.