தோற்கப் பயமில்லை, ஜெயிக்கத்தான் பயம்

2021 செப்டம்பர். ஒன்பது மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் அறிவித்திருந்தார்கள். திருநெல்வேலியும் தென்காசியும் அதில் உண்டு. மாவட்டத்தைப் பிரித்ததால், மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரிலேயே முடிந்த தேர்தல் நமக்கு இரண்டு வருடம் தள்ளி வந்தது. நான் வக்கீல், நோட்டரியும்கூட. மனுத் தாக்கல் நடந்த அந்த ஒரு வாரம், பாளையங்கோட்டையில் என் ஆபீஸில் உட்கார நாற்காலி கிடையாது. வேட்புமனு, உறுதிமொழிப் பத்திரம், முத்திரை என்று ராத்திரி பத்து மணி வரை ஆட்கள்.

அந்தக் கூட்டத்தில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். மஞ்சப்பையில் பட்டா, வீட்டு வரி ரசீது, பென்ஷன் புத்தகம் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. ஊர்க் குளத்து மடையைச் சரி செய்யச் சொல்லிப் பத்து வருடமாக மனு எழுதுகிறவர். ஊர்ப் பையன்களே "சார் நில்லுங்க" என்று அனுப்பி வைத்திருந்தார்கள். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார்.

சொத்து விவரம் எழுதும்போதுதான் முதல் சிக்கல். மனைவி பெயரில் உள்ள நகையையும் எழுத வேண்டும் என்றேன். அந்த அம்மா கேட்டார்: "எங்கிட்ட எத்தனை பவுன் இருக்குன்னு எழுதி ஆபீஸ் போர்டுல ஒட்டுவாகளா? இன்னும் ஒருத்தியைக் கட்டிக்கொடுக்கணும் சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அதிலுள்ள நியாயம் புரிந்தது. குறைவாக இருந்தால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கணக்குப் போடுவார்கள். நிறைய இருந்தால் அவர்கள் கேட்பது கூடிவிடும், சொந்தக்காரர்கள் கைமாற்றுக்கு வருவார்கள். நகை, கடன், வங்கியில் உள்ளது எல்லாவற்றையும் ஒரு குடும்பம் ஊருக்கு முன்னால் விரித்து வைக்க வேண்டும். வாக்காளருக்கு இது தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இந்தப் பத்திரமே வந்தது, நல்ல தீர்ப்பு. ஆனால் என் மேஜையில் நான் பார்ப்பது வேறு. பினாமி பெயரில் வைத்திருப்பவரின் பத்திரம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். உள்ளதை உள்ளபடி எழுதுகிறவருக்குத்தான் ஆறு பக்கம்.

அடுத்தது வழக்கு விவரம். குடிதண்ணீர் வரவில்லை என்று ஊரோடு சேர்ந்து மறியலில் உட்கார்ந்ததற்கு சார் பேரிலும் ஒரு எஃப்.ஐ.ஆர். இருந்தது. "குற்ற வழக்குன்னு என் கையால எழுதணுமா?" என்றார். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர், முகம் சுருங்கிவிட்டது. இதைப் பலரும் தப்பாகப் புரிந்திருக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நிலுவையில் இருக்கிற வழக்கு உங்கள் தகுதியைப் பறிக்காது. சட்டமன்றம், நாடாளுமன்றம் என்றால், பொதுவாக இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால்தான் தகுதி போகும். விடுதலையான பிறகும் ஆறு வருடம் நிற்க முடியாது. மறியல் வழக்கில் அன்று போட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 143-ஆவது பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனையே ஆறு மாதம்தான். வழக்கை எழுதினால் ஒன்றும் இல்லை. மறைத்தால்தான் வம்பு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கட்சிகளையே கேட்டது: வழக்கு இருக்கிறவரை ஏன் நிறுத்துகிறீர்கள், வழக்கு இல்லாதவர் ஏன் கிடைக்கவில்லை, காரணத்தை வெளியிடுங்கள், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்று. நம் தலைமையாசிரியரையும் ஏழெட்டு வழக்கு உள்ளவரையும் பத்திரத்தில் ஒரே கட்டத்தில்தான் எழுதுகிறோம் என்பது வேறு விஷயம்.

ஆக, பத்திரம் முடிந்தது, மனுவும் போட்டார். வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று போன் வந்தது. வாபஸ் வாங்கிவிட்டாராம். தோற்றுவிடுவோம் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன்.

"தோத்தா ஒரு வாரம் டீக்கடையில பேசுவாக, அதோட போச்சு வக்கீல் சார். ஜெயிச்சிட்டா அஞ்சு வருசம்லா!"

நல்லவர்கள் ஏன் அரசியலுக்கு வருவதில்லை என்று கேட்கும்போது, பணமில்லை, சாதி பலமில்லை, தோற்றுவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் பதில் சொல்கிறார்கள். பணம் உண்மைதான். 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 4 கோடி ரூபாய் பிடிபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள் (அதே ரயிலில்தான் நானும் மகளைப் பார்க்கச் சென்னை போகிறேன், பெட்டியில் புளியோதரை). சாதிக் கணக்கும் உண்மை, நம் பக்கத்தில் அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் தோல்விக்குப் பயந்தவர்களை என் ஆபீஸில் நான் அதிகம் பார்த்ததில்லை. தோழர் நல்லகண்ணு ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடி 2010-இல் தடை வாங்கினார். 1999-இல் கோவையில் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். அதனால் அவர் மரியாதையில் ஒரு குன்றிமணி குறைந்ததா? இல்லை. நேர்மையானவருக்குத் தோல்வி சுமை இல்லை. ஜெயித்த மறுநாள் போட வேண்டிய கையெழுத்துதான் சுமை.

அந்தக் கையெழுத்தைப் பற்றி ஓர் ஊராட்சித் தலைவி எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதே தேர்தலில் ஜெயித்தவர், பீடி சுற்றும் குடும்பம். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். ஒருவர் தனியாகக் காசை எடுத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு. நடைமுறையில், தெருவிளக்கு பில்லில் தனக்கு ஒரு பங்கு வேண்டும் என்று துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்துவிட்டார். மோட்டார் ரிப்பேர் பார்த்தவருக்குக் கூலி நின்றது. தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டருக்குச் சம்பளம் நின்றது. பிளீச்சிங் பவுடர் வாங்கக் காசு இல்லை. ஊர் யாரைத் திட்டும்? "தண்ணி வரலை, இவளுக்கு எதுக்குத் தலைவர் பதவி?" துணைத் தலைவர் பெயரே அதில் வரவில்லை.

தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். அதுவும் 2023-இல்தான் ஆயிரத்திலிருந்து உயர்ந்தது. இந்த அம்மா பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை.

அடுத்து மாவட்ட ஆட்சியரிடம் புகார் போனது: நிர்வாகம் செயல்படவில்லை, நிதி முறைகேடு என்று. தலைவரைப் பதவி நீக்கம் செய்ய வழி செய்யும் ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் நோட்டீஸ் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டுதான் என்னிடம் வந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நான் அஞ்சு பைசா தொடல சார்." தொடாதவர்களுக்குத்தான் இந்த நோட்டீஸ் பெரிய இடி. தொட்டவர் வக்கீலைத் தயாராக வைத்திருப்பார். அவருக்கு இது செலவுக் கணக்கில் ஒரு வரி. இவருக்குக் குடும்ப மானம்.

பதவிக்கு வர நினைக்கிறவர்கள் இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தாலே பதவி போய்விடாது. முதலில் உங்கள் எழுத்துபூர்வமான விளக்கம். அதில் ஆட்சியருக்குத் திருப்தி இல்லையென்றால் வட்டாட்சியர் ஊராட்சி மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அதற்குப் பிறகுதான் ஆட்சியர் முடிவு. முறை தவறினால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. இந்த அம்மாவைக் காப்பாற்றியது என் வாதத் திறமை ஒன்றுமில்லை. துணைத் தலைவர் கையெழுத்து மறுத்த ஒவ்வொரு முறையும், பத்தாவது படிக்கும் மகனை வைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) கடிதம் எழுதி, நகலில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கி வைத்திருந்தார். பதினெட்டுக் கடிதம். எழுத்துப் பிழைகளோடு அவற்றை அப்படியே இணைத்தோம். நடவடிக்கை கைவிடப்பட்டது.

பதினெட்டுக் கடிதம் எழுதும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். என்னையும் கவுன்சிலருக்கு நிற்கச் சொல்லிக் கேட்டார்கள், தொழில் கெட்டுவிடும் என்று மறுத்தவன் நான்.

தேர்தல் செலவுக் கணக்கு விஷயத்திலும் ஏமாறாதீர்கள். சட்டமன்றத்துக்குச் செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம். தோற்றவரும் முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் கொடுக்காதவரைத் தேர்தல் ஆணையம் மூன்று வருடம் தகுதி நீக்கம் செய்யலாம். சுயேச்சையாக நின்று நாலாயிரம் ஓட்டு வாங்கிய நல்ல மனிதர்கள், "நாமதான் தோத்துட்டோமே" என்று இதில் கோட்டை விடுகிறார்கள்.

உயிர்ப் பயமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவர் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகு என் ஆபீஸுக்கு வந்த சில மனைவிமார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கணவரைத் தடுத்தார்கள். அவர்களுக்கு நான் என்ன சட்டம் சொல்ல?

ஆனால் வெட்டரிவாள் எல்லா ஊரிலும் இல்லை. தனியாக விட்டுவிடுவது எல்லா ஊரிலும் இருக்கிறது. தலைமையாசிரியரை நில்லுங்கள் என்று அனுப்பிய பையன்களிடம் கேட்டேன்: சார் ஜெயித்தால் கிராம சபைக்கு வருவீர்களா? வருடத்துக்கு ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒருவனுக்கும் தேதி தெரியவில்லை. பில் ஏன் நிற்கிறது என்று துணைத் தலைவரிடம் நூறு பேர் நடுவில் கேட்கிற இடம் அதுதான். அந்த நூறு பேர் இருந்திருந்தால் பதினெட்டுக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. தலைமையாசிரியர் இப்போது கிராம சபைக்குத் தவறாமல் போகிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்து வரவு செலவை வாசிக்கச் சொல்கிறாராம். மடை இன்னும் சரியாகவில்லை.

அந்தத் தலைவியைப் போன மாதம் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். மடியில் ஃபைல். மறுபடியும் நிற்பீர்களா அம்மா என்று கேட்டேன்.

"அதைப் பொறவு பாப்போம் சார். மொதல்ல அந்த மோட்டார் பில்லு பாஸ் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.