காக்கா 'தாத்தா' ஆனால் நாக்கை வெட்ட வேண்டியதில்லை

போன மாதம் ஐந்து வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மாவும் பாட்டியும் ஸ்பீச் தெரபிஸ்டான என்னிடம் கூட்டி வந்தார்கள். காக்கா படத்தைக் காட்டினால் 'தாத்தா' என்கிறான். கண்ணு 'தண்ணு', கதவு 'ததவு'. பாட்டி வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவிப் பார்த்துவிட்டார். நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, லேசாக வெட்டிவிட்டால் பேச்சு திருந்திவிடும் என்று யாரோ சொல்ல, அதற்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அம்மாவிடம், "நீங்க 'க' சொல்லிப் பாருங்க, நாக்கு நுனி எங்க இருக்கு?" என்று கேட்டேன். கீழ்ப்பல் பக்கம் சும்மா கிடக்கிறது என்றார். அவ்வளவுதான் விஷயம். 'க'வுக்கு வேலை செய்வது அடிநாக்கு, அது மேலே எழும்பி அண்ணத்தின் பின்பக்கம் ஒட்டி விலகுகிறது. நுனி எழுந்து பல்லைத் தொடுவது 'த'வுக்கு. நாக்கின் அடிநார் இழுத்துப் பிடித்திருந்தால் முதலில் சிரமப்பட வேண்டியது நுனிதான், இவனோ 'க' வரவேண்டிய இடத்தில்கூட நுனியைத்தான் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே வெட்டினால் 'க' எப்படி வரும்?

இது பெரிய ஆராய்ச்சி இல்லை, பேச்சு, செவித்திறன் சிகிச்சைக்கான பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டப்படிப்பின் முதல் வருட ஒலிப்பியல் பாடம். ஆனால் அந்தப் பாடத்தைத்தான் நிறைய மாணவர்கள் ஐ.பி.ஏ. என்ற சர்வதேச ஒலிக்குறி அட்டவணையை மனப்பாடம் செய்து, பாஸானால் போதும் என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறவர்களிடம் குழந்தை பேசிய ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுத்துக் கேட்டு எழுதச் சொன்னால், காதில் விழுந்ததை எழுதாமல் மனதில் இருக்கும் எழுத்தை எழுதுகிறார்கள். கடல், பக்கம், தங்கம், பகல் நான்கிலும் எழுத்து ஒரே 'க'தான். ஆனால் தங்கத்தில் குரல்வளை அதிர்கிறது, பகலில் அடைப்பே இல்லாமல் காற்று உரசிக்கொண்டு போகிறது, பலர் பேச்சில் அது கிட்டத்தட்ட 'ஹ'. இதைக் காது பிரித்துக் கேட்காவிட்டால், குழந்தை 'பஹல்' என்று சரியாகச் சொன்னதையே பிழை என்று குறித்துவைப்போம்.

எங்கள் வகுப்பில் ஒருநாள் கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசிக்கொண்டு 'த' சொன்னோம். பிறகு வாய்க்குள் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் மேல்பல்லுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை. கழுவிவிட்டு மறுபடி பூசி 'ட' சொன்னால் அந்தக் கறுப்பு உள்ளே தள்ளி விழுந்திருந்தது. 'க'வுக்குக் கண்ணாடி எட்டிய இடத்தில் எதுவுமே இல்லை, அவ்வளவு பின்னால் நடக்கிறது அது. இன்றைக்கும் ஒரு குழந்தை வாயைத் திறந்தால் எனக்கு அந்தக் கரித்தடம்தான் ஞாபகம் வரும். அப்புறம், தொல்காப்பியத்தில் ஒலிகள் வாயில் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ரகர ழகரத்துக்கு நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை 'வருட' வேண்டும் என்கிறது. வருடுவது வேறு, அழுத்துவது வேறு. 'ழ' வராத குழந்தைக்கு அந்த ஒரு சொல்லை வைத்தே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பெற்றோருக்கு: மூன்று வயதுக் குழந்தை 'க'வைத் 'த' என்று சொன்னால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். நான்கு வயது தாண்டியும் அப்படியே இருந்தால் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள், முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். நாக்கு ஒட்டுக்குச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளும் உண்டு, ஆனால் எந்த ஒலி வரவில்லை, அந்த ஒலிக்கு நாக்கின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே வெட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

அந்தப் பையனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. குறித்த நாளை அம்மா ரத்து செய்துவிட்டார். மல்லாக்கப் படுக்கவைத்து, நாக்கு தானாகப் பின்னால் சரியும்போது சொல்லவைக்கிறோம். நான்காவது வாரத்தில் 'அக்' வந்தது. உட்கார்ந்தால் இன்னும் 'அத்'தான். காக்கா படத்தையும் தாத்தா படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த வாரம் தொடங்குகிறோம்.