இரண்டு அன்ரெனாக்களை ஒரே வயரில் சேர்க்கும் முன்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீடு. கூரையில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பக்கம் பார்த்தபடி ஒரு ரீவி அன்ரெனா ஏற்கெனவே இருந்தது. ரொறன்ரோச் சனலான 9.1 மட்டும் விட்டுவிட்டு வருகிறது என்று வீட்டுக்கார ஐயா அதே மாதிரி இன்னொன்றை வாங்கி, ரொறன்ரோச் சனல்கள் வரும் சி.என். கோபுரத்தின் பக்கம் திருப்பிப் பூட்டியிருக்கிறார். இரண்டு வயர்களையும் ஒன்றாக்க, வீட்டில் கிடந்த, ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிற்றர் ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். "தம்பி, ஒண்டு இருக்கேக்கை 9.1 மட்டும்தான் பிரச்சினை. ரெண்டாவதைப் பூட்டின பிறகு 5.1ஐயும் காணேல்லை, பஃபலோவிலை பாதியையும் காணேல்லை" என்றார்.

ரொறன்ரோவில் அன்ரெனா வேலைக்குப் போகிற இடங்களில் நான் அடிக்கடி காணும் பிழை இது. வாங்கிய பொருள்கள் எல்லாம் நல்லவையாக இருக்கும். சேர்த்த விதத்தில்தான் கோளாறு.

முதலில் திசையைப் பார்ப்போம். ஸ்காபரோவின் நடுப்பகுதியில் நின்றால் சி.என். கோபுரம் தென்மேற்கே, ஏறத்தாழ 18 கிலோமீற்றர். பஃபலோவின் கோபுரங்கள் ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம், தெற்கிலிருந்து சற்றே கிழக்காக. கிராண்ட் ஐலண்டில் இருப்பவை 85 கிலோமீற்றர் அளவில், கோல்டனில் இருப்பவை 130 கிலோமீற்றருக்கும் அப்பால். இரண்டு திசைகளுக்கும் இடையே 50 பாகைதான் வித்தியாசம். திசைக்கு ஒரு அன்ரெனா வைத்தால் இரண்டு பக்கமும் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. தண்ணீர்க் குழாய் என்றால் அப்படித்தான் நடக்கும்.

சிக்னல் அலை. கோபுரத்தைப் பார்க்கும் அன்ரெனா 5.1ஐ நேராகப் பிடிக்கிறது. பஃபலோவைப் பார்க்கும் அன்ரெனாவும் அதே 5.1ஐப் பக்கவாட்டில் பிடிக்கிறது. எந்த அன்ரெனாவும் மற்றத் திசைகளுக்கு முழுக்கக் கண்ணை மூடிக்கொள்வதில்லை. இப்போது ஒரே சிக்னல் இரண்டு வயர்களில், கொஞ்சம் முன்பின்னாக வந்து ஸ்பிளிற்றரில் சந்திக்கிறது. 600 மெகாஹேட்ஸில் ஒரு அலையின் நீளம் 50 சென்ரிமீற்றர், அன்ரெனாவிலிருந்து வரும் கோக்ஸ் வயருக்குள் அது 41 அளவுக்குச் சுருங்கும். அதில் பாதி, அதாவது 20 சென்ரிமீற்றர் வித்தியாசம் போதும், ஒரு அலையின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்துவிடும். இரண்டும் சம பலம் என்றால் அந்த இடத்தில் எதுவும் மிஞ்சாது. ஒரு சாண் வயர், அவ்வளவுதான்.

அலைநீளம் சனலுக்குச் சனல் மாறும். அதனால் ஒரு சனல் அழியும், பக்கத்துச் சனல் பிழைக்கும். வயரை மாற்றிப் பூட்டினால் போன சனல் திரும்பி வரும், வந்துகொண்டிருந்தது போய்விடும். இது தெரியாமல் ரீவியைக் குறை சொல்லி, புது ரீவியே வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொரு நட்டமும் உண்டு. தலைகீழாகப் போட்ட ஸ்பிளிற்றர் ஒவ்வொரு அன்ரெனாவின் சிக்னலிலும் 3.5 டெசிபல் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அனலாக் காலத்தில் இப்படிச் செய்தால் படம் நிழலடித்தபடி, புள்ளி விழுந்தபடி ஓடும், பார்த்துச் சமாளிப்போம். கனடாவின் பெருநகரங்களில் 2011 ஆகஸ்ட் 31ஆம் திகதிக்குப் பிறகு வருவது டிஜிற்றல். சிக்னல் இரைச்சலைவிட 15 டெசிபல் அளவுக்கு மேலே நின்றால் சுத்தமான படம். அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து கறுப்புத் திரை. பஃபலோச் சனல்கள் பல வீடுகளில் அந்த விளிம்பில்தான் நிற்கின்றன, 3.5 டெசிபல் இழப்பைத் தாங்காது.

சரி, ஐயா வீட்டில் என்ன செய்தேன்? இரண்டாவது அன்ரெனாவைக் கழற்றினேன். 5.1 உடனே வந்துவிட்டது. 18 கிலோமீற்றரில் இருக்கும் கோபுரத்தின் சிக்னல் அவ்வளவு பலமானது, பக்கவாட்டில் பிடித்ததே போதும். ஸ்காபரோவின் பல வீடுகளுக்குப் பஃபலோவைப் பார்க்கும் ஒரே ஒரு நல்ல அன்ரெனா போதும் என்பது என் அனுபவம்.

மிச்சம் 9.1. ரீவி காட்டும் எண்ணை வைத்து அலைவரிசையைக் கணிக்கக் கூடாது. 5.1 வருவது 20ஆம் அலைவரிசையில், பஃபலோவின் 2.1 வருவது 33இல். இரண்டும் யு.எச்.எஃப், அதாவது நீளம் குறைந்த அலைகள். 9.1 இன்றும் வி.எச்.எஃப்-இல் வருகிறது, அந்த அலைகள் ஒன்றரை மீற்றர் நீளம். அவருடையது யு.எச்.எஃப்-க்குச் செய்த அன்ரெனா, அதனால்தான் அது தடுமாறியது. ஒரு சிறிய வி.எச்.எஃப் அன்ரெனாவைக் கோபுரத்தைப் பார்க்க வைத்து, இரண்டையும் யு.எச்.எஃப்–வி.எச்.எஃப் டிப்ளெக்ஸர் வழியாகச் சேர்த்தேன். அது ஒவ்வொரு வாயிலிலும் அந்தந்த அலைவரிசைகளை மட்டுமே உள்ளே விடும். ஒரே சிக்னல் இரண்டு வழியால் வந்து மோத இடமில்லை, இழப்பும் ஒரு டெசிபலுக்குள்தான். சின்ன டப்பா, விலையும் அதிகமில்லை.

இரண்டு யு.எச்.எஃப் அன்ரெனாக்கள் வெவ்வேறு திசையில் வைத்தே ஆகவேண்டிய வீடுகளும் இருக்கின்றன. அங்கே வயர்களைச் சேர்க்காமல் தனித்தனியாகவே கீழே இறக்குங்கள். ஏ-பி சுவிட்ச் ஒன்றால் மாற்றிப் பார்க்கலாம். ஒன்றை ரீவிக்கும் மற்றதைச் சனல் பிடிக்கும் தனி ரியூனர் பெட்டிக்கும் கொடுக்கலாம். ஒரே அன்ரெனாவைச் சுழற்றும் ரோட்டரும் நல்ல வழிதான், ஆனால் பனியில் இறுகிப்போகும். ஒரே மாதிரி இரண்டு அன்ரெனாக்களை ஒரே திசையில், சரிசம நீள வயர்களோடு சேர்ப்பது வேறு கதை. அங்கே அலைகள் ஒன்றுசேர்ந்து வருவதால் 2.5 டெசிபல் வரை லாபம் உண்டு.

சிக்னல் குறைந்தவுடன் அம்பிளிஃபயர் வாங்க ஓடாதீர்கள். சேர்த்த இடத்தில் அழிந்துபோன சனலை அது திருப்பித் தராது. கோபுரத்துக்குக் கிட்ட இருக்கும் வீட்டில் பலமான சிக்னலால் திணறி, மற்றதையும் கெடுக்கும்.

வேலை முடிந்து இறங்கும்போது ஐயாவின் கம்பத்தில் எர்த் வயர் இல்லாததைக் கண்டேன். கூரையில் நிற்கும் இரும்புக் கம்பத்தையும், வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தையும் வீட்டின் எர்த்தோடு இணைக்க வேண்டும், கனடா மின்சார விதியும் அதைக் கேட்கிறது. அன்று அந்த வயரையும் இழுத்து முடித்துவிட்டுத்தான் ஏணியை மடித்தேன்.